முப்பத்திரண்டு இடங்கள்

புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு இரண்டாயிரத்து இருநூற்று ஏழாவது எச்சரிக்கையைத் திறந்தபோது, அதன் அடியில் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைக் கண்டாள். பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. 'திரையில் இருபத்துநான்கு எழுத்துக்கு மேல் அடிக்க முடியாது. உள்ளே முப்பத்திரண்டு இடம் இருக்கிறது. ஆபத்தில்லை.' அவள் எழுதியதுதான். முற்றுப்புள்ளிகூட அழுத்தமாக இருந்தது. அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருப்பாள் போலும்.

ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் மாட்டியிருப்பார்களே, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப், அதைச் செய்கிற கம்பெனி அது. பம்புக்குள் ஓடும் நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. பதினோரு வருஷமாகப் பல பேர் கை பட்டு வளர்ந்தது. அந்த நிரலை வரிவரியாகப் படித்து, எங்கெல்லாம் ஓட்டை இருக்கலாம் என்று சந்தேகப்படுவதற்கு ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். அதற்கு ஆபீசில் சல்லடை என்று பெயர். அதை ஓட்டுகிற அவளுக்குச் சல்லடையம்மா. நாற்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் அம்மாவா என்று முதலில் சுருக்கென்றிருந்தது. பிறகு பழகிவிட்டது.

சல்லடைக்கு அரண்டவன் கண். இருண்டதெல்லாம் பேய். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு எச்சரிக்கைகளைக் கொட்டியிருந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெறும் நிழல். ஆனால் மீதி ஐந்து எது என்று அதற்குத் தெரியாது. யாராவது ஒரு மனுஷி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்து, உடனே திருத்து, பிறகு பார், ஆபத்தில்லை என்று மூன்று பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். புதிய பதிப்பு வெளிவரப் பத்து நாள் இருந்தது. ஆபத்தில்லை என்று தள்ளியவற்றை, தள்ளியவர்களே மறுபடி ஒருமுறை படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர்கள் சொல்லிவிட்டதால், மூன்று நாளாக அவள் தன் பழைய கையெழுத்தையே படித்துக்கொண்டிருந்தாள்.

இந்த எச்சரிக்கை நோயாளியின் பெயரைப் பற்றியது. பெயருக்காக நினைவகத்தில் முப்பத்திரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். சி மொழி எதிர்க்கேள்வி கேட்காத வேலைக்காரன். முப்பத்திரண்டு படி கொள்கிற பானையில் நாற்பது படி கொட்டச் சொன்னால் கொட்டும், வழிகிற எட்டுப் படி பக்கத்து வீட்டுக்காரன் பானையில் போய் விழுந்தாலும் வாயைத் திறக்காது. ஆனால் இருபத்துநான்குக்கு மேல் கொட்டவே முடியாது என்னும்போது என்ன வழியும்? 'சரி' என்பதை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

மத்தியானம் கான்டீனில் தட்டோடு இடம் தேடியபோது, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஏழு மாதமாக அங்கேதான் இருக்கிறது. தினமும் அதன் கீழே நின்றுதான் தண்ணீர் பிடிக்கிறாள். சிரிக்கிற நர்ஸ், அவள் கையில் பம்ப், மேலே பெரிய எழுத்தில், 'இனி உங்கள் மொழியிலும்!'

தட்டை அப்படியே வைத்துவிட்டு மேலே ஏறினாள்.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம் போதும். நம் எழுத்துக்கு மூன்று. கொம்போ காலோ சுழியோ புள்ளியோ சேர்ந்தால் அதற்குத் தனியாக இன்னொரு மூன்று. ஆறு. திரையில் பெயரை வாங்குகிற பகுதியை எழுதியது வேறு குழு. அது இருபத்துநான்கு என்று எழுத்தைத்தான் எண்ணுகிறது, இடத்தை அல்ல. அவள் அன்று எழுதியது அன்றைக்குச் சரி. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், அவளிடம் யாரும் கேட்காமலே, அது தப்பாகிவிட்டது. இன்று காலை அதற்கு இரண்டாவது தடவை கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

சோதனை அறையில் ஒரு பம்பைக் கணினியோடு இணைத்துப் பெயர் இடத்தில் நம் எழுத்தில் கைக்கு வந்ததை அடித்தாள். நிரலில் பெயருக்கு அடுத்த இடத்தில் இருப்பது எல்லை. அதாவது, இந்த மருந்தை மணிக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே என்று ஆஸ்பத்திரி வைத்திருக்கும் உச்ச அளவு. அதைத் தாண்டி யாராவது அடித்தால் பம்ப் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தும். பெயர் வழிந்து அந்த எல்லையின் மேல் கொட்டியதும் எல்லை என்னவோ ஒரு பூதாகரமான எண்ணாக மாறிவிட்டது. பம்ப் கத்தவில்லை. அணையவில்லை. திரையில் ஒன்றுமே மாறவில்லை. காவல்காரன் மட்டும் எழுந்து போய்விட்டான், நாற்காலி அப்படியே இருந்தது.

அவளுடைய மேலாளருக்குப் பார்க்கலாம் என்று பெயர். வீட்டில் தீப்பிடித்தது என்றாலும் பார்க்கலாம் என்பார் என்று ஆபீசில் பேச்சு. கெட்ட மனிதர் இல்லை. மேலே நாலு பேருக்கும் கீழே நாற்பது பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்.

"இருபத்துநாலு எழுத்துல யாரும்மா பேர் அடிப்பாங்க? அவசரத்துல இருக்கிற நர்ஸு. இனிஷியலோட நாலெழுத்து தட்டிட்டுப் போயிடுவாங்க."

"பத்து எழுத்தே போதும் சார். சில பேருக்கு எட்டே போதும்."

"போதும்னு நீங்க சொல்றீங்க. வெளில எண்ணூறு மெஷின் ஓடுது. ஒரு கம்ப்ளைன்ட் வந்திருக்கா? நிஜத்துல இப்படி நடக்குதுன்னு ஏதாவது கொண்டாங்க, பார்க்கலாம்."

நிஜத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் அவளுக்குத் தெரியும். அந்த ஆள் அவளிடம் பேசி எட்டு மாதமாகிறது.

கணவனின் தங்கை நர்ஸ். பிறந்த குழந்தைகளுக்கான தீவிரப் பிரிவில் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தாள். இவள் சும்மா இருந்திருக்கலாம். அவன் வேலை பார்ப்பதாகச் சொன்ன இடத்துக்குப் போன் போட்டு, அவன் அங்கிருந்து போய் இரண்டு வருஷமாகிறது என்று கண்டுபிடித்து, எல்லோரும் இருக்கும்போது சொல்லியும்விட்டாள். நல்ல வேளை தப்பித்தோம் என்று வீடு முழுக்கச் சொன்னது. நாத்தனார் மட்டும் அவள் முகத்தைப் பார்த்து, "சலிச்சுப் பார்க்க நான் என்ன மாவா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். அதிலிருந்து அண்ணனோடு மட்டும்தான் பேச்சு.

அன்று சாயங்காலம் கணவன் வந்ததும், "உங்க தங்கச்சிகிட்ட ஒரு விஷயம் கேட்டுச் சொல்லணுமே" என்று ஆரம்பித்தாள்.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர்கள் தப்பாக மிதிப்பதைத் தாங்கிவிட்டு வந்து கால் நீட்டியிருந்தான். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரனா? நம்பர் இருக்குல்ல, நீயே பேசு."

"எடுக்கமாட்டா."

"எடுக்கலன்னா வெச்சிடு. எடுத்துட்டா என்ன பண்றதுன்னுதானே பயப்படுற?"

அதுதான் உண்மை. துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். மகள் வீட்டுப்பாடத்தில் ஏதோ கேட்டதற்கு வேறு ஏதோ பதில் சொன்னாள். கடைசியில் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான். வேலை விஷயமா ஒண்ணு கேக்கணும். வெச்சிடாத. உங்க வார்டுல பம்ப்ல பேர் போடற இடத்துல என்ன அடிப்பீங்க?"

"பேரே இருக்காதே" என்று பதில் வந்தது. "பொறந்து ரெண்டு நாள், மூணு நாள் ஆன பிள்ளைங்க. எந்த அம்மாவும் அதுக்குள்ள பேர் வெச்சிருக்கமாட்டா. ஆனா பேர் இடம் காலியா இருந்தா மேல இருக்கிறவங்க திட்டுவாங்க. அதனால ஆண் குழந்தை, பெண் குழந்தைன்னு அடிச்சுட்டுப் போயிடுவோம். நம்ம எழுத்து வந்ததுலேர்ந்து அப்படித்தான். படுக்கை நம்பருக்குத் தனி இடம் இருக்கு."

அவ்வளவுதானா என்று அவளுக்கு மூச்சு வந்தது. சின்ன வார்த்தைகள். பால்கனிச் சுவரில் கிடந்த மின்சாரக் கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு, மகளின் பென்சிலால் எண்ணத் தொடங்கினாள். ஆண், ஒன்பது. இடைவெளி ஒன்று. குழந்தை, இருபத்தொன்று. மொத்தம் முப்பத்தொன்று. பெயர் இங்கே முடிகிறது என்று உள்ளே வைக்கும் முடிவுக்குறிக்கு ஒன்று. முப்பத்திரண்டு. பானையின் விளிம்பு வரை வந்து நின்றது. ஒரு சொட்டு வழியவில்லை.

பெண். கொம்பு ஒன்று கூட இருக்கிறது. பன்னிரண்டு. இடைவெளி. இருபத்தொன்று. முடிவுக்குறிக்கு முன்னாலேயே முப்பத்துநான்கு.

"அண்ணி? இருக்கீங்களா?"

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். அவளால் அதை அனுபவிக்க முடியவில்லை. "பெண் குழந்தைங்க பம்ப்ல... ஏதாவது வித்தியாசமா நடந்திருக்கா?"

"நடந்துச்சு. போன மாசம் என்கூட இருந்த நர்ஸ் புள்ளிய விட்டுட்டா. ரெண்டரைக்குப் பதிலா இருபத்தஞ்சுன்னு அடிச்சிட்டா. மெஷின் கத்தும்ல? கத்தல. அடுத்த படுக்கையில நின்ன நான் சும்மா திரும்பினேன், பார்த்துட்டேன். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. மெஷின் கத்தலன்னு அவ எவ்வளவோ சொன்னா. யார் நம்பினா? புள்ளிய விட்டது அவதானே. இப்ப அவ வார்டுலயே இல்ல, சீட்டு எழுதற இடத்துல உக்கார வெச்சிருக்காங்க." நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அது பெண் குழந்தைதான். உங்களுக்கு எப்படித் தெரியும்? ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்," என்றாள் அவள். "நாளைக்குச் சொல்றேன்."

போனை வைத்த பிறகு அந்தச் 'சும்மாதான்' வாய்க்குள் கசந்துகொண்டே இருந்தது. ஆபத்தில்லை என்று எழுதியதாவது தெரியாமல் செய்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பார்க்கலாமைச் சோதனை அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவர் கையாலேயே அடிக்கச் சொன்னாள். ஆண் குழந்தை என்று அடித்து, இருபத்தைந்து என்று கொடுத்தார். பம்ப் சிவந்து கத்தியது. அந்த அறையின் கண்ணாடியே அதிர்கிற மாதிரி, நல்ல கத்தல். அணைத்துவிட்டுப் பெண் குழந்தை என்று அடித்தார். இருபத்தைந்து. பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் மெல்ல முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. குழாய் முனையிலிருந்து தண்ணீர் கண்ணாடிக் குவளையில் அவசரமாக விழுந்தது. கணினியில் எல்லை என்ற இடத்தில், ஐந்து இருக்க வேண்டிய இடத்தில், முப்பத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று என்று இருந்தது.

அவர் மூன்றாவது தடவையும் அடித்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "எனக்கு ரெண்டும் பொண்ணு," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"ஆஸ்பத்திரிகளுக்கு இன்னைக்கே சொல்லணும் சார். பேர் இடத்தைக் காலியா விட்டா போதும். ஒத்தை வரி."

"ஒத்தை வரிதான். ஆனா அது கம்பெனி லெட்டர்ஹெட்ல போகணும்ல? வக்கீல் பார்க்கணும், தரக் கட்டுப்பாடு பார்க்கணும், மேல நாலு பேர் கையெழுத்து. எவ்வளவு முட்டினாலும் மூணு வாரம். நான் இன்னைக்கே ஆரம்பிக்கறேன். நீங்க அறிக்கை எழுதுங்க." கதவு வரை போய்த் திரும்பினார். "அதுவரைக்கும் வெளில யார்கிட்டயும் வேணாம்மா. நம்ம வேலை ஒப்பந்தத்துலயே அது இருக்கு. உங்களுக்குத் தெரியாததில்ல."

மூன்று வாரம். எண்ணூறு பம்புகள். அதில் பாதி குழந்தைகள் பிரிவில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பிறக்கிற குழந்தைகளில் பாதி பெண் இல்லை என்று எப்படி வைத்துக்கொள்வது? அறிக்கையை எழுதினாள். தன் பழைய குறிப்பைத் தேதியோடு அதில் சேர்த்தாள். புதன்கிழமை இரண்டாவது தடவை போட்ட கையெழுத்தையும் சேர்த்தாள். எடுத்தாள். மறுபடி சேர்த்தாள். அனுப்பினாள். அனுப்பிய பிறகும் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் நான்காவது தளத்துக்கும் ஐந்தாவது தளத்துக்கும் நடுவில், யாரும் வராத திருப்பத்தில், நின்றுகொண்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள். பானை, கொம்பு, முப்பத்துநான்கு, பதினான்கு மாதத்துக்கு முந்தைய குறிப்பு, அதில் இருக்கிற இரண்டு எழுத்து. அந்தப் பக்கத்தில் ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தமும் பிள்ளைகளின் அழுகையும் கேட்டுக்கொண்டே இருந்தன.

"பேர் இடத்துல எதுவும் அடிக்காதீங்க. திட்டினா திட்டட்டும்," என்று முடித்தாள்.

"இதை அண்ணியா சொல்றீங்களா, கம்பெனி சொல்லுதா?"

கீழே எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணிதான் சொல்றேன். கம்பெனி மூணு வாரம் கழிச்சுச் சொல்லும்."

"அப்ப உங்க வேலை?"

"தெரியல."

"வார்டுக்குப் போறேன்" என்று சொல்லி நாத்தனார் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பார்க்கலாம் தன் அறைக்குக் கூப்பிட்டு, கைப்பேசியை மேசைமேல் அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு புகைப்படம். பம்பின் நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய வெள்ளைக் காகிதம். நீலப் பேனாவில், 'பெயர் இடத்தில் எதுவும் அடிக்கக் கூடாது. படுக்கை எண் மட்டும். மெஷின் கத்தாது.' நாத்தனாரின் கோணல் எழுத்து. நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதாம். அங்கிருந்து இன்னொரு குழு, அங்கிருந்து இன்னொன்று. விடிவதற்குள் ஒன்பது ஆஸ்பத்திரியிலிருந்து இது உண்மையா என்று கம்பெனிக்குக் கேட்டிருக்கிறார்கள்.

"இது நீங்க எழுதினதா?"

"எழுதினது நானில்ல சார். சொன்னது நான்."

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "திங்கட்கிழமை மேல நாலு பேரும் கூடறாங்க. உங்களைக் கூப்பிடுவாங்க." பிறகு கதவைப் பார்த்துவிட்டு, "அந்தப் பழைய குறிப்பு. உங்க பேர்ல இருக்கே. அந்தப் பக்கத்தை நான் அவங்களுக்கு இன்னும் அனுப்பல. அனுப்பித்தான் ஆகணும்னு இல்ல" என்றார்.

அது உதவியா, பேரமா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது என்று தோன்றியது. "அறிக்கை அவங்களுக்கும் நேரா போயிருக்கு சார். நேத்தே," என்றாள். அவர் தலையசைத்தார். பார்க்கலாம் என்று சொல்லுவார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் ஏறியவள், தன் நிறுத்தம் வந்தபோது இறங்கவில்லை. இன்னும் ஆறு நிறுத்தம் தள்ளி ஆஸ்பத்திரி. பார்வை நேரம் முடிய அரை மணி இருந்தது. குழந்தைகள் பிரிவுக்கு வெளியே நீளமான கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் நாத்தனார் முகமூடியோடு குனிந்து ஒரு குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது இவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முகமூடிக்குள் சிரித்தாளோ என்னவோ. கையைத் தூக்கி, கண்ணாடிக்கு அருகில் ஒரு குழந்தை கிடந்த இரண்டாவது கண்ணாடிப் பெட்டியைக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியில் ஒரு பம்ப். வருஷக்கணக்காக அதன் உள்ளே வரிவரியாக அலைந்திருக்கிறாள். ஓர் உயிரோடு இணைந்து அது ஓடுவதை இப்போதுதான் பார்க்கிறாள். பச்சை விளக்கு. நெற்றியில் காகிதம்.

"நேத்து காலைல என் பாப்பா மெஷின்ல அந்தச் சீட்டு இல்ல," என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. சக்கர நாற்காலியில் ஓர் இளம்பெண். மடியில் போர்வை, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. "எல்லா மெஷின்லயும் ஒட்டியிருக்காங்க. கேட்டா ஒண்ணுமில்லங்கறாங்க. நீங்க இங்க வேலை பார்க்கறீங்களாக்கா?"

"இல்லம்மா."

"மெஷின் கத்தாதுன்னு போட்டிருக்கே. கத்தாம இருந்தா நல்லதா, கெட்டதா?"

அவள் வாயைத் திறந்தாள். பையில் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கண்ணாடிக்கு அப்பால், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பாதம், ஒட்டியிருந்த பிளாஸ்திரியோடு துணியை உதைத்தது. ஒவ்வோர் உதைக்கும் மெல்லிய குழாய் நடுங்கியது. குழாயின் நடுக்கம் மேலே பம்ப் வரை ஏறி, காகிதத்தின் ஒட்டாத ஒரு முனையைப் படபடவென்று அசைத்தது. உதை நிற்கவில்லை.